டீசல் வண்டிக்குப் பம்பி வாங்குமுன்

உடலுக்கு இதயம் எவ்வாறோ அவ்வாறே டீசல் எஞ்சினுக்கு எரிபொருட் பம்பி என்று கூறுதல் வழக்கம். உவமை அழகியதே; ஆயினும் அது பாதியளவே பொருந்தும். இதயம் தான் செலுத்தும் குருதியினாலேயே தானும் ஊட்டம் பெறுவது போல, இப்பம்பியும் தான் செலுத்தும் டீசலினாலேயே உராய்வு நீங்கியும் வெப்பம் தணிந்தும் உயிர் வாழ்கின்றது. இவ்வளவில் பொருத்தம் சரி. ஆனால், இதயம் நின்றால் உடல் நிற்கும் என்பதைத் தலைகீழாக்கி, வண்டி நின்றுவிட்டது, ஆகவே பம்பி போய்விட்டது என்று முடிவுகட்டும்போதே இவ்வுவமை நம்மைப் பெருஞ் செலவுக்குள் இழுத்துச் செல்கின்றது.

இம்மலருக்குப் பொறியியல் சார்ந்த கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, விண்கலம், சூரியமின், சிந்திக்கும் கணினி என்று பல பொருள்கள் மனத்தில் எழுந்தன. அவற்றை எழுத வல்லார் பலர் உளர். பழைய மாணவர் கூடுமிடங்களில் என்னிடம் பெரிதும் கேட்கப்படும் வினாவோ வேறு: "பிக்கப்புக்குப் பம்ப் மாற்றவேண்டுமாம், எதனை வாங்கலாம்?" கேட்பவருள் வெங்காயச் செய்கைக்காரர் உளர், மீன் ஏற்றுவோர் உளர், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உளர். 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழிதிறக்கப்பெற்றது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய பிக்கப் ஒன்று ஒரு குடும்பத்தின் முதலீடாகவே ஆகிவிட்டது. அதன் பம்பியைப் பற்றித் தவறான முடிவெடுத்தல் ஒரு போகத்து வருமானத்தை விழுங்கவல்லது.

எனது விடையை முதலிலேயே கூறிவிடுகின்றேன். எந்தப் பம்பியை வாங்குவது என்பது இரண்டாம் வினா. இருந்த பம்பி உண்மையில் இறந்துவிட்டதா, இறந்திருப்பின் அதனைக் கொன்றது எது என்பதே முதல் வினா. முதல் வினாவுக்கு விடை காணாது வாங்கப்படும் பம்பி, எத்துணை உயர்ந்ததாயினும், முன்னதன் வழியே செல்லும்.

நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் ரொயோட்டா ஹைலக்ஸ் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். டீசல் ஹைலக்ஸ்கள் நம் நோக்கில் இரு வகைப்படும். 2எல், 3எல், 5எல் என்னும் பழைய எஞ்சின்களை உடையவை ஒரு வகை. இவற்றுள் 3எல் 2,779 கன சென்ரிமீற்றரும் 5எல் 2,986 கன சென்ரிமீற்றரும் கொள்ளளவுடையன. 1கேடி, 2கேடி எனப்படும் கொமன் ரெயில் எஞ்சின்களை உடையவை மற்ற வகை. இரண்டின் பம்பிகளும் வெவ்வேறு இனத்தவை. அவற்றின் நோய்களும் வெவ்வேறு.

பம்பியின் கடமையை விளங்கிக்கொள்ளச் சற்றே பின்னோக்கிச் செல்லவேண்டும். ருடோல்ப் டீசல் என்னும் ஜேர்மானியப் பொறியியலறிஞர் 1897 இல் அவுக்ஸ்பேர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியபோது, இன்று நாம் அறியும் பம்பி அதனிடத்தில் இருக்கவில்லை. நெருக்கிய வளியைக் கொண்டே எரிபொருளை உருளைக்குள் ஊதினர். அவ்வளியை நெருக்குதற்குத் தனியாக ஓர் யந்திரம் வேண்டியிருந்தமையால், டீசல் எஞ்சின் கப்பலுக்கும் மின்னிலையத்துக்கும் ஏற்றதாயிற்றேயன்றி வீதியில் ஓடும் வண்டிக்கு ஏற்றதாகவில்லை. 1927 இல் ரொபேட் பொஷ்ஷின் நிறுவனம் உட்செலுத்து பம்பியைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் லொறிகள் பெருகலாயின. உருளைக்குள் நெருக்குண்டு கொதிக்கும் வளியினுள், உரிய கணத்தில், உரிய அளவு டீசலைப் புகைபோல் நுண்ணிதாகப் பாய்ச்சுதலே இப்பம்பியின் கடமை. எஞ்சின் ஓய்வாக ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு வேண்டிய டீசல் ஒரு நீர்த்துளியிலும் சிறியது. அதனை நூறு பாருக்கு மேற்பட்ட அமுக்கத்தில், நிமிடத்துக்குப் பல நூறு தடவை, அளவு பிசகாது தருதல் வேண்டும். வண்டியின் சில்லில் நாம் அடிக்கும் காற்று இரண்டு மூன்று பாரே என்பதை ஒப்புநோக்குக.

பழைய ஹைலக்ஸின் பம்பி இவ்வேலை முழுவதையும் ஒரேயொரு முசலத்தைக் கொண்டு செய்துவிடுகின்றது. அம்முசலம் சுழலவும் செய்கின்றது; முன்னும் பின்னும் அசையவும் செய்கின்றது. அதன் அடியிலுள்ள தட்டில் நான்கு மேடுகள் உள. அம்மேடுகள் உருளிகளின்மேல் ஏறுந்தோறும் முசலம் ஒருமுறை தள்ளப்படும். சுழற்சியினால் அதன் பக்கத்துத் துவாரம் நான்கு வழிகளையும் முறைமுறையே சந்தித்து, நான்கு உருளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். பொஷ் நிறுவனம் 1970களில் வெளியிட்ட வீ.ஈ. வகையைச் சேர்ந்தது இவ்வேற்பாடு. யப்பானிய டென்சோ நிறுவனம் அதனை உரிமம் பெற்றுச் செய்தது. முசலத்துக்கும் அது ஓடும் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு மூன்று கூறளவே. நமது தலைமயிரின் தடிப்பு அக்கூறுகளில் ஐம்பது முதல் நூறு வரையாகும். அவ்விடைவெளியில் இறப்பர் வளையமோ வேறு அடைப்போ இல்லை. அங்கே நிற்கும் டீசற் படலமே அடைப்பு. அதுவே உராய்வு நீக்கும் எண்ணெயும் ஆம். எஞ்சின் ஒயில் இப்பம்பிக்குள் ஒரு துளியும் செல்வதில்லை.

இன்னுமொன்று. இவ்வண்டிகளில் தாங்கிக்குள் வேறு பம்பி கிடையாது. உட்செலுத்து பம்பியின் வயிற்றினுள்ளே தகடுகள் பொருந்திய சிறிய ஊட்டற் பம்பி ஒன்று இருக்கின்றது. அதுவே பின்னாலுள்ள தாங்கியிலிருந்து வடிகட்டியூடாக டீசலை உறிஞ்சி எடுக்கின்றது. ஆகவே தாங்கி முதல் பம்பி வரையுள்ள வழி முழுவதும், எஞ்சின் ஓடும்போது, வளிமண்டல அமுக்கத்திலும் குறைந்த அமுக்கத்தில் இருக்கும். இதனை மனத்திருத்துதல் மிக வேண்டற்பாலது. அவ்வழியிலுள்ள இறப்பர்க் குழாயில் நுண்ணிய வெடிப்பு ஏற்படின், டீசல் வெளியே ஒழுகாது. வளியே உள்ளே புகும். நிலத்தில் துளி இல்லை, குழாயில் ஈரமில்லை, ஆகவே வழியிற் குறையில்லை என்று கண்கள் சான்று பகரும். பொய்ச் சான்று! இரவு முழுவதும் புகுந்த வளி டீசலைத் தாங்கிக்குப் பின்வாங்கச் செய்ய, விடியற்காலையில் பற்றரி களைக்குமளவும் ஸ்ராட்டரைச் சுழற்றவேண்டியிருக்கும். பிறகு வண்டி நன்றாகவே ஓடும். மறுநாட் காலையிலும் அதே கதை. "பம்ப் தேய்ந்துவிட்டது" என்ற தீர்ப்பு இவ்விடத்திலேயே பெரும்பாலும் வழங்கப்படுகின்றது.

தீர்ப்பு வழங்குமுன் செய்யத்தக்க சோதனைகள் சில நூறு ரூபாய்ச் செலவினவே. வடிகட்டிக்கும் பம்பிக்கும் இடையில், டீசலைத் தாங்கவல்ல ஒளிபுகும் குழாய்த் துண்டொன்றை மாட்டி எஞ்சினை ஓடவிடுக. குமிழிகள் ஓடுமாயின் வளி புகுகின்றது, பம்பி குற்றமற்றது. வடிகட்டியின் தலையிலுள்ள கைப்பம்பியைக் காலையில் இறுகும்வரை அமுக்கிவிட்டு ஸ்ராட்டரைச் சுழற்றும்போது எஞ்சின் உடனே பிடித்துக்கொள்ளின், அதுவும் அதே செய்தியையே கூறும். அக்கைப்பம்பியின் சவ்வே வெடித்து வளி புக வழிவிடுதலும் உண்டு. இதனினும் தெளிவான சோதனை, தாங்கியை முற்றாக விலக்கிவிடுதல். சுத்தமான டீசல் நிரம்பிய சிறு கான் ஒன்றை எஞ்சினுக்கு அருகில், தீப்பற்றாத இடத்தில் உறுதியாக வைத்து, அதிலிருந்து நேரே பம்பிக்குக் குழாய் கொடுக்க வேண்டும். திரும்பும் டீசலையும் அக்கானிலேயே விடவேண்டும். அவ்வாறு செய்கையில் எஞ்சின் சீராக ஓடி இழுவையும் மீளுமாயின், குற்றம் கானுக்கும் தாங்கிக்கும் இடையிலேயே உள்ளது: அடைபட்ட வடிகட்டி, நசுங்கிய குழாய், தாங்கியின் அடியிலுள்ள உறிஞ்சு முனையில் படிந்த சேறு, இவற்றுள் ஒன்று.

எஞ்சின் சற்றும் பிடிக்காதபோது, பம்பியின் தலையிலுள்ள டீசல் நிறுத்தும் மின்வால்வைப் பார்க்கவேண்டும். சாவியைத் திருப்பியதும் அதற்குப் பற்றரியின் 12 வோல்ற்று வருதல் வேண்டும். வந்ததும் மெல்லிய சொடுக்கொலி ஒன்று கேட்கவேண்டும். வயர் ஒன்று கழன்றதனாலோ, ஒரு பியூஸ் எரிந்ததனாலோ, அவ்வால்வு ஒன்றே செயலிழந்ததனாலோ முழுப் பம்பியையும் கழற்றிய கதைகள் பல உள. பம்பியின் உடலிலிருந்து டீசல் கசியுமாயின், அஃது இறப்பர்ச் சீல்கள் காய்ந்ததன் விளைவு. சீற்றொகுதி ஒன்றை மாற்றினாலே போதும்; பம்பியை மாற்றவேண்டியதில்லை.

அப்படியாயின் பம்பி உண்மையாகவே தேய்ந்ததை எங்ஙனம் அறிவது? நம்பத்தக்க குறி ஒன்றுண்டு. குளிர்ந்திருக்கும்போது இலகுவில் பிடிக்கும் எஞ்சின், ஓடிச் சூடேறியபின் நிறுத்தினால் மீண்டும் பிடிக்க மறுக்கும். சூட்டினால் டீசல் இளகி, தேய்ந்த முசலத்தின் பக்கவாட்டால் நழுவிவிடுகின்றது. நொசிலைத் திறக்கப் போதிய அமுக்கம் உண்டாவதில்லை. அந்நிலையில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பம்பியின்மேற் போர்த்திச் சிறிது நேரம் பொறுத்துச் சுழற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். குளிர்நீரை நேரடியாக ஊற்றுதல் தகாது. வெளியுடல் திடீரெனச் சுருங்கி உள்ளே இறுகிவிடக் கூடும். வளி புகவில்லை, வடிகட்டி புதியது, எனினும் இக்குறி தோன்றுகின்றது என்றால், பம்பியின் தலையும் முசலமும் தம் காலத்தை முடித்துவிட்டன என்று துணிந்து கூறலாம்.

தேய்ந்தது ஏன் என்பது அடுத்த வினா. டீசலே எண்ணெய் என்று மேலே கூறினோம். அவ்வெண்ணெயின் தரத்தை அளக்க ஒரு சோதனை உண்டு. டீசலில் அமிழ்த்திய உருக்குத் தட்டின்மேல் உருக்குக் குண்டு ஒன்றை 60 பாகை வெப்பத்தில் 75 நிமிடம் விரைந்து தேய்த்து, குண்டில் ஏற்படும் வடுவை அளப்பர். ஐரோப்பிய நியமம் 460 மைக்கிரோமீற்றர் வரையுள்ள வடுவையே அனுமதிக்கும்; அமெரிக்க நியமம் 520 வரை விட்டுக்கொடுக்கும். சுவீடன் நாட்டில் 1990களின் தொடக்கத்தில் கந்தகம் மிகக் குறைந்த டீசல் விற்பனைக்கு வந்தபோது, இத்தகைய சுழல் பம்பிகள் பல குறுகிய காலத்திற் பழுதடைந்தன. கந்தகமே வழுக்கும் பொருள் என்று பலர் எண்ணுவர், அஃதன்று. கந்தகத்தை நீக்கும் முறையில், டீசலில் இயற்கையாய் அமைந்து உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் வேறு சில பொருள்களும் உடன் நீங்கிவிடுகின்றன. இக்காலத்தில் அக்குறையை நிரப்பும் சேர்மானங்களைச் சுத்திகரிப்போர் கலந்தே அனுப்புகின்றனர். ஆகவே நிரப்பு நிலையத்தில் வாங்கும் நல்ல டீசலில் எவரும் எதனையும் கலக்கவேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இப்பாடம் புதியதன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருதல் தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களின் புகைமணம் அக்காலத்தில் இங்கு வாழ்ந்தவர்க்கு மறவாது. டீசல் எஞ்சின் மண்ணெண்ணெயிலும் எரியும்; எரிதலில் இடரில்லை. இடர் பம்பியிலேயே உள்ளது. மண்ணெண்ணெய் டீசலினும் மெல்லியது. முசலத்தின் இடைவெளியில் நின்று தாங்காது. அதனாலேயே அன்றைய திருத்துநர் அதனுடன் எண்ணெய் கலந்து ஊற்றினர். மைக்கிரோமீற்றர்க் கணக்கை அவர்கள் காணவில்லை. கழற்றிய பம்பிகளின் வடுவைக் கண்டிருந்தனர். பிற்காலத்தில் தேவையன்றி ஆசையே மண்ணெண்ணெயைக் கலக்கச் செய்தது. நெடுங்காலம் டீசலினும் மிகக் குறைந்த விலையில் விற்கப்பட்டு வந்த மண்ணெண்ணெய், 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்னர் அவ்விலை வேறுபாட்டில் இலாபம் கண்டவர்களின் வண்டிகள், அவ்விலாபத்தைப் பம்பிக் கடையில் எண்ணிக் கொடுத்தன.

அதே 2022 ஆம் ஆண்டு வேறொரு தீங்கையும் விட்டுச் சென்றது. எரிபொருள் கிடையாத நாள்களில் கிடைத்ததைக் கான்களிலும் பீப்பாக்களிலும் சேர்த்து வைத்தோம். பீப்பாவின் கறளும், இரவிற் குளிர்ந்து சொட்டிய நீரும், அவ்வாறே தாங்கிக்குட் சென்றன. நீர் உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும், படலத்தையும் கிழிக்கும். வடிகட்டியின் அடியில் நீர் வடிக்கும் திருகு ஒன்று உண்டு. அதனை ஒருமுறையேனும் திறந்து பார்த்த உரிமையாளர் எத்தனை பேர் என்று ஒரு கூட்டத்திற் கேட்டபோது எழுந்த மௌனம் பெரிது. பம்பியைக் கழற்றும்போது அதன் உள்வாயிலிற் செந்நிறத் துரு காணப்படின், கொலையாளி நீரே. வெள்ளிப்பொடி போன்ற துகள் காணப்படின், பம்பி தன்னையே தேய்த்துக்கொண்டது என்று பொருள். அத்துகள் நொசில்களையும் அடைந்திருக்கும்.

கொமன் ரெயில் வண்டிகளுக்கு வருவோம். இங்கே பம்பி பங்கிடுவதில்லை, காலம் குறிப்பதுமில்லை. டீசலை ஆயிரம் பாரையும் கடக்கவல்ல அமுக்கத்தில் ஒரு தடித்த குழாயிற் சேர்த்துவைப்பதே அதன் தொழில். எப்போது, எவ்வளவு என்பதைக் கணினி கூற, நொசில்கள் தாமே திறந்து மூடும். ஹைலக்ஸின் 1கேடி, 2கேடி எஞ்சின்களில் இருப்பது டென்சோவின் எச்.பீ.3 என்னும் பம்பி. இங்கும் தாங்கியிலிருந்து டீசல் வருவது உறிஞ்சலாலேயே. ஆகவே வளியைப் பற்றி மேலே கூறியவை யாவும் இதற்கும் பொருந்தும்.

இப்பம்பியின் முதுகில், உள்ளே எவ்வளவு டீசலை விடலாம் என்று கட்டுப்படுத்தும் சிறு மின்வால்வு ஒன்று இருக்கின்றது. கராஜ்களில் அதனை எஸ்.சீ.வீ. என்பர். அது தேய்ந்து சிக்குமாயின், எஞ்சின் ஓய்வில் ஏறியிறங்கி ஓடும். காலை எடுத்தவுடன் அணைந்துபோகும். ஏற்றத்தில் இழுவை குன்றி எச்சரிக்கை விளக்கு எரியும். கணினியை வாசித்தால் குழாய் அமுக்கம் குறைவு என்னும் பீ0087 குறியீடு வரலாம். இதனைக் கண்டவுடன் "பம்ப் முடிந்தது" என்பவர் உளர். அமுக்கம் குறைவு என்றே கணினி கூறியது. யாரால் குறைந்தது என்று கூறவில்லை. வால்வு தனியாகவே விற்கப்படுகின்றது; அதன் விலை முழுப் பம்பியின் விலையிற் சிறுபகுதியே. வாங்கும்போது பழையதன் இலக்கத்தோடு ஒப்பிடவேண்டும். மின் இல்லாதபோது திறந்திருக்கும் வகையும் மூடியிருக்கும் வகையும் என இரண்டு உள. ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டலாகாது. மாற்றியபின் புதிய வால்வைக் கணினிக்கு அறிமுகம் செய்விக்கவேண்டும். அது செய்யாது விட்டு, "புதிய வால்வும் சரியில்லை" என்று திரும்பிவந்தவையும் உள.

வால்வும் நன்று, வடிகட்டியும் நன்று எனில், நொசில்களை ஐயுறவேண்டும். தேய்ந்த நொசில் தான் பெற்ற டீசலைப் பாய்ச்சாது திரும்பு வழியால் தாங்கிக்கே ஒழுகவிடும். ஓட்டைக் குடத்தில் நீர் நிறையவில்லை என்று கிணற்றைக் குறைகூறுதல் போல, அந்நிலையில் பம்பியைக் குறைகூறுகின்றோம். நான்கு நொசில்களிலிருந்தும் திரும்பும் டீசலை நான்கு அளவுகுழல்களிற் பிடித்து ஒப்பிட்டால், குற்றவாளி எது என்பது சில நிமிடங்களிற் புலனாகும்.

மாணவத் தம்பிமாருக்கு ஓர் எச்சரிக்கையை இவ்விடத்தில் அழுத்திக் கூறுகின்றேன். பழைய வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே குழாய்ச் சுரையைத் தளர்த்திச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொமன் ரெயில் வண்டியில் அதனை ஒருபோதும் செய்யலாகாது. அவ்வமுக்கத்தில் மயிரிழை போன்று பீறிடும் டீசல், கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே செல்லும். வெளியே ஊசிகுத்திய அளவு புள்ளியே தெரியும். நோவும் முதலிற் குறைவாகவே இருக்கும். அதனை நம்பி வீட்டுக்குப் போனவர் விரலை இழக்க நேரிடும். உடனே வைத்தியசாலைக்குச் சென்று, டீசல் அமுக்கத்தில் உட்புகுந்தது என்று தெளிவாகக் கூறவேண்டும்.

இத்தனை சோதனைக்கும் பின் பம்பியே இறந்தது என்று உறுதியாயிற்று என வைத்துக்கொள்வோம். இனி வாங்குதல். முதலில் பழைய பம்பியின் உடலிலுள்ள தகட்டைத் துடைத்து இலக்கத்தைப் படி எடுக்கவேண்டும். ரொயோட்டாவின் இலக்கம் 22100 எனத் தொடங்கும். டென்சோவின் சொந்த இலக்கம் எச்.பீ.3 பம்பிகளில் 294000 எனத் தொடங்கும். அவற்றைத் தொடர்ந்து வரும் இலக்கங்களே முக்கியம். தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் போன்ற பம்பிகள் உள்ளளவில் வேறுபடும். டேர்போ பொருந்திய எஞ்சினுக்குரிய பம்பி, காற்றமுக்கத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் உறுப்பை உடையது. அதனை டேர்போ இல்லாத 3எல் எஞ்சினுக்குப் பூட்டினால் அளவு பிசகும். கணினி கட்டுப்படுத்தும் பம்பியைச் சாதாரண எஞ்சினில் பூட்டவே இயலாது. "இதுவும் ஹைலக்ஸ் பம்ப்தான்" என்னும் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எந்த ஹைலக்ஸ் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவே.

வழிகள் நான்கு. உற்பத்தியாளரின் புதிய பம்பி சிறந்தது. விலையோ சிலவேளை வண்டியின் பெறுமதியோடு போட்டியிடும். புதிய வண்டியாயின் அதனைக் கருதலாம். முப்பது ஆண்டுப் பழைமையான 3எல் எஞ்சினுக்கு நான் அதனைப் பரிந்துரையேன்.

பழைய இயந்திரப் பம்பிக்கு எனது தெரிவு, உள்ள பம்பியையே தகுதியுள்ள பம்பித் தொழிற்சாலையொன்றிற் கொடுத்துத் தலை, முசலம், சீல்கள் ஆகியவற்றை மாற்றுவித்தலே. உடலும் இலக்கமும் நமதாகவே இருத்தலால் பொருத்தம் பற்றிய ஐயம் எழாது. ஆனால் ஒரு நிபந்தனை: திருத்திய பம்பியைச் சோதனை மேசையில் ஓட்டி, வெவ்வேறு வேகங்களில் நான்கு வழிகளும் தந்த அளவை எழுதிய தாளை வாங்குதல் வேண்டும். நான்கு அளவுகளும் ஒன்றையொன்று நெருங்கியிருத்தல் அவசியம். தாள் தர மறுப்பவரிடம் மேசை இல்லை, அல்லது மேசை சொன்னதை அவர் காட்ட விரும்பவில்லை. சிலர் நம்மை மகிழ்விக்கும் பொருட்டு டீசல் அளவைக் கூட்டிவிடுவர். இழுவை பெருகும், கரும்புகையும் பெருகும். கேளாது கிடைக்கும் இவ்வன்பளிப்பை மறுத்துவிடுக.

மூன்றாவது, பாவித்த பம்பி. கொழும்புப் பஞ்சிகாவத்தையின் கடைகளில், கழற்றிய வண்டிகளின் உறுப்புகள் மலைபோற் குவிந்து கிடக்கும். நல்ல பம்பிகளும் அவற்றினிடையே உள. தண்டைக் கையாற் சுழற்றிப் பார்க்கவேண்டும்; மேடுகளின் தடை சீராக உணரப்படல் வேண்டும்; கரகரப்பு ஆகாது. தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். உள்வாயிலின் திருகைக் கழற்றி விளக்கொளியில் நோக்கவேண்டும். வாய்கள் மூடியின்றி, உள்ளே டீசல் வற்றி, மாதக்கணக்கில் கடற்கரை ஈரக்காற்றிற் கிடந்த பம்பியை இலவசமாய்த் தரினும் வேண்டாம். வாங்கினாலும், பூட்டுமுன் சோதனை மேசையில் ஒருமுறை ஓட்டுவித்தல் நலம். அச்செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுக. கொமன் ரெயிற் பம்பியைப் பாவித்ததாக வாங்குவதற்கு எனக்குத் துணிவில்லை. அதனுள்ளே கழன்றிருக்கும் துகள் நான்கு நொசில்களையும் கூடவே கொண்டுபோகும்.

நான்காவது, உற்பத்தியாளரின் பெட்டியைப் போன்ற பெட்டியில் வரும் போலி. விலை வியப்பூட்டுமளவு குறைந்திருத்தலே அதன் முதல் அடையாளம். இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

விலையுயர்ந்ததும் புதுமையானதுமே சிறந்தது என்று கொள்வார்க்கு அமெரிக்கப் பிக்கப்புகளின் அண்மைக் கதை ஒன்று உண்டு. அந்நாட்டிலும் கனடாவிலும் வாழும் நம் பழைய மாணவர் சிலர் அதனை நேரில் அறிந்திருத்தல் கூடும். ராம் பெரும் பிக்கப்புகளின் கமின்ஸ் எஞ்சினுக்கு 2003 முதல் பொஷ் நிறுவனத்தின் சீ.பீ.3 பம்பி பொருத்தப்பட்டு வந்தது. நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்றது. 2019 ஆம் ஆண்டு மாதிரியில் புதிய சீ.பீ.4 வகை இடம்பெற்றது. அதில் முசலத்தைத் தள்ளும் உருளி தன் தடத்திலிருந்து திரும்பிவிடின், உருக்கு உருக்கை அரைத்து, துகள் எரிபொருள் வழி முழுவதும் பரவும். வடு 520 வரை அனுமதிக்கும் அமெரிக்க டீசல் அதற்கு உதவியாக இல்லை. 2021 நவம்பரில் 2019, 2020 மாதிரி வண்டிகள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவை திருப்பி அழைக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக இடப்பட்டது பழைய சீ.பீ.3 வகையே. உற்பத்தியாளரே பழையதற்குத் திரும்பினர் என்பது கவனிக்கத்தக்கது. நாட்டில் விற்கும் டீசலுக்கு எது தாக்குப்பிடிக்குமோ அதுவே அந்நாட்டில் நல்ல பம்பி.

பம்பி கைக்கு வந்தபின்னரும் அவசரப்படலாகாது. தாங்கியை இறக்கிக் கழுவி, உறிஞ்சு முனையைச் சுத்தம் செய்து, உலோகக் குழாய்களை எதிர்த்திசையில் வளியூதித் துப்புரவாக்கி, வெடித்த இறப்பர்க் குழாய்களையும் வடிகட்டியையும் மாற்றிய பின்னரே பம்பியைப் பூட்டவேண்டும். இவ்வேலைக்கு ஒருநாள் கூலி கேட்பர். முகஞ் சுளியாது கொடுக்கவேண்டும். ஒரே ஆண்டில் மூன்று பம்பி கண்ட வண்டியொன்றை நான் அறிவேன். மூன்றையும் கொன்றது, தாங்கியின் மூலையிலிருந்த ஒரு கைப்பிடி துரு. கொமன் ரெயில் வண்டியில் துகள் பரவியிருப்பின், தடித்த குழாயையும் நொசில்களையும் சோதியாது பம்பியை மட்டும் மாற்றுதல் பணத்தைக் கடலில் எறிதலாகும்.

எல் வகை எஞ்சின்களில் பம்பியைச் சுழற்றுவது ரைமிங் பெல்ற். அதனைக் கழற்றியே பம்பியை எடுக்கவேண்டியிருத்தலால், புதிய பெல்ற் ஒன்றை அவ்வேளையிலேயே இடுதல் சிக்கனம். பம்பியின் பாய்ச்சற் காலத்தை, தலையிலுள்ள திருகைக் கழற்றி அளவுகருவி பொருத்தி, அவ்வெஞ்சினுக்குரிய கைந்நூல் கூறும் அளவுக்கு அமைக்கவேண்டும். "காதாற் கேட்டு" அமைக்கும் பழைய கைகாரர் சிலர் இன்றும் உளர். அவர்களின் காதை நான் மதிக்கின்றேன், ஆயினும் அளவுகருவியை வைத்துப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்வேன்.

இறுதியாக, பூட்டிய பம்பியை உலர்ந்த நிலையிற் சுழற்றலாகாது. கைப்பம்பியால் டீசலை ஏற்றி, திரும்பு வழியில் குமிழியின்றி வருமளவும் வளியை வெளியேற்றிய பின்னரே ஸ்ராட்டரைத் தொடவேண்டும். அதையும் சிறிது சிறிதாகச் சுழற்றி இடையிடையே ஓய்வு கொடுக்கவேண்டும். முதல் ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியதும் வடிகட்டியை மீண்டும் ஒருமுறை மாற்றி, பழையதை வெட்டித் திறந்து, வெள்ளைத் துணியிற் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். பழைய பம்பியைக் கராஜில் விட்டுவராது வீட்டுக்குக் கொண்டுவருக. அடுத்தமுறை திருத்துவிக்க உடல் ஒன்று கைவசம் இருக்கும்.